பல வருடம் மேடை மேடையாகச் சுற்றிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பும் இசைக்கலைஞர் எதை எதிர்பார்க்கலாம்?

கேட்டவர் கீபோர்டு வாசிப்பவர். பல வருடங்களாக ஒரு இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், இனி போதும் என்று குடும்பம் இருக்கும் சொந்த ஊருக்கே திரும்புகிறார். அங்கே பெரிய மேடை கிடையாது, ஸ்டுடியோ கிடையாது. "இசையை விட்டுவிட வேண்டியிருக்குமா? முதல் வருடம் எப்படி இருக்கும்? சேமிப்பில் ஒரு ஸ்டுடியோ கட்டலாமா?" என்பவை அவருடைய கேள்விகள். நானும் அந்த வாழ்க்கையில் இருந்தவன்தான். மேடை ஓரத்தில் கன்சோலுக்கு, அதாவது ஒலியைக் கலக்கும் பலகைக்குப் பின்னால் நின்று, வாசிப்பவர்கள் தங்கள் வாசிப்பைத் தாங்களே கேட்பதற்கான மானிட்டர் ஒலி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பி வெகுகாலம் ஆகிறது. என்னைப் போலத் திரும்பிய பலரோடு பழகியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இசையை விட வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு நன்றாக வருகிற ஒன்று அங்கே அதிகம் பயன்படாது, வரவே வராத ஒன்று தினமும் தேவைப்படும். சுற்றுப்பயணத்தில் நாம் பழகியது ஒரே ஒரு ராத்திரி அபாரமாக வாசித்துவிட்டு மறுநாள் வேறு ஊரில் கண் விழிப்பது. அந்த ஒரு ராத்திரிக்காக எல்லாவற்றையும் தள்ளிப்போடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வீட்டிலும் ஊரிலும் எதிர்பார்ப்பது வேறு. வாரா வாரம், அதே நாள், அதே நேரத்துக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும். சாதாரணமாக வாசித்தாலும் பரவாயில்லை, வர வேண்டும். திரும்பியவர்களில் நன்றாக ஊன்றிக்கொண்டவர்கள் எல்லோரும் இந்தப் பழக்கத்தைப் பிடித்தவர்கள். ஆறே மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு இது பிடிபடவில்லை. கீழே நான் சொல்லும் பலவும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் காது. திரும்பிய சில நாட்களிலேயே பலருக்கும் நடக்கிற விஷயம் இது. இரவு வீடு அடங்கும், விளக்கை அணைத்துப் படுப்பார்கள், காதுக்குள் மெல்லிசாக 'ஙீ' என்று ஒரு சத்தம் நிற்காமல் ஓடும். ஊருக்கு வந்த பிறகு புதிதாக வந்த வியாதி என்று பயந்துபோவார்கள். பெரும்பாலும் அது முன்பே இருந்ததுதான். பஸ் எஞ்சின், ஓட்டல் அறை ஏசி, பக்கத்து அறைப் பேச்சு என்று ஏதோ ஒன்று அதை மூடி மறைத்துக்கொண்டே இருந்திருக்கும். வீட்டு அமைதியில்தான் அது முதல்முறையாகத் தனியாகக் கேட்கிறது.

காரணத்தைக் கணக்காகப் பார்த்தால் புரியும். பணியிட ஒலிக்கு, அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் பரிந்துரைக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம். கச்சேரிக் கூடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நாமோ சவுண்ட் செக்கையும் சேர்த்து ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரம் அந்தச் சத்தத்துக்குள் நின்றிருக்கிறோம். மறுநாளும் அதே கதை.

ஊருக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒரு ஆடியாலஜிஸ்டை, அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரைப் பாருங்கள். வழக்கமான பரிசோதனையோடு 3000, 6000 ஹெர்ட்ஸ் சுருதிகளிலும் சோதிக்கச் சொல்லுங்கள். அதிக ஒலியால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளமாகத் தொடங்கும். சாதாரணப் பேச்சைப் புரிந்துகொள்ள ஆரம்பத்தில் சிரமம் இருக்காது, அதனால் உங்களுக்கே தெரியாமல் போய்விடும். காதுக்குள் கேட்கும் அந்த இரைச்சலைச் சுத்தமாக நிறுத்தும் மாத்திரை என்று நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். படுக்கையறையில் முழு அமைதியைத் தவிர்த்து, மின்விசிறி அளவுக்கு ஒரு மெல்லிய சத்தத்தை ஓட விடுவது உதவும். அதையும் மீறித் தொல்லை என்றால், அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற மனநல ஆலோசனை முறையில் அந்த இரைச்சலோடு வாழப் பழகிக்கொள்ள முடிகிறது. அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாட்களிலோ மந்தமானால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். அதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் தரும்.

அடுத்தது தூக்கம். நிகழ்ச்சி பதினொன்றுக்கு முடிந்து, சாமான்களை ஏற்றிவிட்டுப் படுக்க இரண்டு மூன்று மணியாகி, பத்து மணிக்கு எழுந்த உடம்பு, ஊருக்கு வந்தால் மட்டும் காலை ஆறுக்கு எழுந்துவிடாது. மனித உடம்பின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் நீளமானது. அதனால் தூங்கும் நேரத்தைப் பின்னால் தள்ளுவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். ஒரேயடியாக மாற்ற முயலாமல், எழும் நேரத்தை நாளுக்குக் கால் மணி, அரை மணியாக முன்னால் கொண்டுவாருங்கள். எழுந்தவுடன் வெளியே போய் வெயிலில் நடங்கள். கடிகாரத்தைத் திருப்பி வைப்பது அந்தக் காலை வெளிச்சம்தான்.

இதில் இன்னொரு விஷயத்தை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. மாலை எட்டு, ஒன்பது மணியானால் உடம்பு தானாகவே மேடைக்குத் தயாராகும். நெஞ்சு படபடக்கும், உட்கார முடியாது, யார் என்ன சொன்னாலும் சுள்ளென்று கோபம் வரும். வீட்டில் உள்ளவர்களுக்கு அந்த நேரம்தான் ஓய்வு நேரம். பல வீடுகளில் முதல் சண்டை அந்த நேரத்தில்தான் வெடிக்கிறது. வீட்டாரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை வாத்தியத்துக்கு ஒதுக்குங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஸ்கேல் வாசித்தாலும் போதும். உடம்பு எதிர்பார்க்கிற நேரத்தில் கைக்கு வேலை கொடுத்தால் சில வாரங்களில் அந்தப் படபடப்பு இறங்கும்.

இனி மனிதர்கள். ஆல்ஃபிரட் ஷூட்ஸ் என்ற சமூகவியலாளர் 1945-இல், போர்முனையிலிருந்து வீடு திரும்பும் சிப்பாய்களை மனதில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். புதிய ஊருக்குப் போகிறவனுக்கு அங்கே எல்லாம் புதிதாக இருக்கும் என்று தெரியும். வீடு திரும்புகிறவனோ எல்லாம் தெரிந்த இடம் என்று நம்பிக்கொண்டு வருகிறான், அதனால்தான் அதிகம் தடுமாறுகிறான் என்கிறார். போன இடத்தில் அவனுக்கு நடந்தவை ஒவ்வொன்றும் தனித்தனி அனுபவம். வீட்டில் இருந்தவர்களுக்கோ அவை எல்லாம் 'போருக்குப் போனான்' என்ற ஒரே வார்த்தையில் அடங்கிவிடுகின்றன. நமக்கும் அதேதான். 'பெரிய பெரிய ஸ்டார்களோடு சுத்தினவன்' என்ற ஒரு வரியில் உங்கள் இத்தனை வருடமும் முடிந்துவிடும். 1963-இல் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதியர் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்களை ஆராய்ந்தபோதும் இதையே கண்டார்கள். போன இடத்தில் ஒரு முறை மனதளவில் பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள், திரும்பி வந்த பிறகு இரண்டாவது முறையும் விழுந்து எழ வேண்டியிருக்கிறது.

இதற்கு நான் சொல்லும் வழி சாதாரணமானது. யாரைப் பார்த்தேன், எங்கே வாசித்தேன் என்ற கதைகளை ஒரு தடவை சந்தோஷமாகச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை அவர்கள் கதையைக் கேளுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் அங்கேயும் கல்யாணம், சாவு, கடன், பகை, சமாதானம் எல்லாம் நடந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு நீங்கள் போனில் மட்டும் வந்திருப்பீர்கள், சிலவற்றுக்கு அதுவும் இல்லை. 'எனக்கு யாருமே சொல்லலையே' என்று குறைப்பட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்து கேட்டால் மனிதர்கள் சொல்வார்கள்.

வீட்டுக்குள் நிலைமை இன்னும் நுட்பமானது. நீங்கள் இல்லாமலே வீடு ஓடப் பழகியிருக்கிறது. யார் எப்போது எழுவது, எந்தப் பில்லை யார் கட்டுவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரை அழைப்பது என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். வீட்டில் நமக்கு இடம் இருக்கும், வேலை இருக்காது. சும்மா உட்கார்ந்தாலும் உறுத்தும், போய்த் தலையிட்டாலும் பிரச்சினை வரும். 'நான் என்ன செய்யணும்?' என்று தினமும் கேட்பது, ஏற்கெனவே எல்லாவற்றையும் சுமக்கிறவரின் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதுதான். தினசரி வேலை ஏதாவது ஒன்றைப் பேசி முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவது, பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துப்போவது என்று எதுவானாலும் சரி. வாங்கிய பிறகு யாரும் நினைவூட்டக் கூடாது, ஒரு நாளும் தவறக் கூடாது. பிள்ளைகள் இதுவரை உங்களை விருந்தாளியாகப் பார்த்துப் பழகியவர்கள். பரிசுப் பொருள் ஏதும் இல்லாமல், சலிப்பான ஒரு செவ்வாய்க்கிழமையிலும் நீங்கள் வாசலில் நிற்பதைப் பலமுறை பார்த்த பிறகுதான் அவர்கள் நம்பத் தொடங்குவார்கள்.

ஸ்டுடியோ விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருடம் கட்டாதீர்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சேமிப்பை முழுக்க இதில் கொட்டிவிட்டுத் தவித்தவர்களை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். நமக்குத் தெரிந்த உலகம் கருவிகளின் உலகம், அதனால் ஊருக்கு எதாவது செய்ய நினைத்தவுடனே கை கருவிக்குத்தான் போகிறது. ஆனால் வீட்டில் மிஞ்சும் அறை பெரும்பாலும் சின்ன அறை. சுவருக்குச் சுவர் 3 மீட்டர் அகலம் என்றால் 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பேஸ், அதாவது கீழ்ச்சுருதிச் சத்தம், ஒரு மூலையில் வீங்கும், நடுவில் காணாமல் போகும். சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் அந்த அலையைத் தொடக்கூட முடியாது. அதைச் சரிசெய்யத் தடிமனான ஒலி உறிஞ்சிகள் வேண்டும், கதவு வேண்டும், காற்றோட்டம் வேண்டும். செலவுக்கு முடிவே இருக்காது. அவ்வளவும் செய்த பிறகுதான், அந்த ஊரில் யார் வந்து பதிவு செய்யப் போகிறார்கள் என்ற கேள்வி வரும். வெளியூரிலிருந்து வரும் கீபோர்டு வேலைக்கு ஒரு லேப்டாப், வாத்தியத்தின் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் ஒரு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன் போதும். உங்கள் வாத்தியத்துக்கு மைக் கூடத் தேவையில்லை. ஒரு வருடம் ஊரில் இருந்து, யார் யார் வாசிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன குறை என்று தெரிந்த பிறகு கட்டுவதானால் கட்டுங்கள்.

அந்த ஒரு வருடத்தில் செய்ய வேண்டியது, ஊரில் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருப்பவர்களைப் போய்க் கேட்பது. அவர்கள் வெளியே போகாதவர்கள். நீங்கள் இல்லாத காலத்திலும் அங்கே இசை இருந்தது என்றால் அதற்குக் காரணம் அவர்கள். போன வேகத்தில் மேடையேறி வாசித்துக் காட்டிவிடாதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து சில தடவை கேளுங்கள். உங்கள் பெயருக்காக ஒரு அமைப்பாளர், வழக்கமாக வாசிக்கும் உள்ளூர்க்காரரின் இடத்தை உங்களுக்குக் கொடுக்க வந்தால் மறுத்துவிடுங்கள். உங்களுக்கு அது இன்னொரு நிகழ்ச்சி, அவருக்கு அது மாத வருமானம். அவர்களே கூப்பிடும் நாள் வரும். அன்றைக்கு வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்.

என் தொழில் பக்கத்திலிருந்து இதைச் சொல்கிறேன். இன்-இயர் எனும் காதுக்குள் வைக்கும் மானிட்டரை மாட்டி வாசிக்கும் எல்லோரும் மானிட்டர் ஆளிடம் கேட்பது ஒன்றைத்தான், 'என்னுடையதைக் கொஞ்சம் கூட்டு.' வருடக்கணக்கில் அப்படிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் காதில் நம் வாத்தியம் மலை மாதிரி நிற்கும், மற்றவர்கள் தூரத்தில் எங்கோ இருப்பார்கள். இப்போது ஒரு சின்ன அறையில், மானிட்டரே இல்லாமல், நாலு பேரோடு வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறீர்கள். முதலில் யாரும் சரியாக வாசிக்கவில்லை என்று தோன்றும். உண்மையில் நீங்கள்தான் எல்லோரையும் மூடிக்கொண்டு வாசிக்கிறீர்கள். வயலின்காரரின் வில் திரும்பும் சத்தம் கேட்கிற வரைக்கும் உங்கள் கையை இறக்குங்கள். வலுவாக அடித்தே பழகிய விரலுக்கு மெதுவாக வாசிப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத் தெரியும். ஒரே செட்லிஸ்ட்டை, அதாவது ஒரே பாட்டு வரிசையைப் பல மாதம் வாசித்ததில் குறுகிப்போயிருந்த காது, இப்படிப்பட்ட அறைகளில்தான் மறுபடி திறக்கிறது. நான் பார்த்தவர்களில் பலர் தங்கள் வாழ்க்கையின் நல்ல வாசிப்பை ஊர் திரும்பிய பிறகுதான் வாசித்தார்கள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கன்சோல் ஆளின் காதால் கேட்டுச் சொல்கிறேன்.

லெவன் ஹெல்மின் கதை உங்களுக்கு உதவும். 'தி பேண்ட்' என்ற ராக் இசைக்குழுவின் டிரம்மர், பாடகர். 1998-இல் தொண்டைப் புற்றுநோய், குரலே போய்விட்டது, மருத்துவச் செலவு வேறு. 2004-இல் நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில், தன் வீட்டோடு ஒட்டியிருந்த மரக்கொட்டகையிலேயே சனிக்கிழமை ராத்திரிகளில் இசை நடத்தத் தொடங்கினார். அவர் மேடையைத் தேடிப் போகவில்லை. கேட்பவர்களும் வாசிப்பவர்களும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. 2007-இல் வந்த அவருடைய ஆல்பம் கிராமி வாங்கியது. 2012-இல் இறக்கும் வரை அந்தச் சனிக்கிழமைகள்தான் அவரைத் தாங்கின. அவர் அளவுக்குப் பெயர் நமக்கு இல்லைதான். ஆனால் சனிக்கிழமை என்றால் இங்கே இசை உண்டு என்று பத்துப் பேருக்குத் தெரிந்திருப்பதற்குப் பெயர் தேவையில்லை.

மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் கிட்டார் கலைஞர் அலி ஃபர்கா தூரே இன்னொரு மாதிரி. தலைநகர் பமாக்கோவில் வானொலி நிலையத்தில் ஒலிப்பொறியாளராக வேலை பார்த்துவிட்டு, நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுங்கே என்ற தன் ஊருக்குத் திரும்பினார். உலகம் முழுக்க அவருடைய கிட்டாருக்கு மவுசு வந்த பிறகும் தன்னை விவசாயி என்றுதான் சொல்லிக்கொண்டார். நிலத்தை விட்டு வர மனமில்லாதவரைத் தேடி, 1999-இல் வெளியான ஆல்பத்துக்காக ஒலிப்பதிவுக் கருவிகள் அவர் ஊருக்கே போயின. 2004-இல் ஊருக்கு மேயரானார், தன் சொந்தப் பணத்தைச் சாலைக்கும் சாக்கடைக்கும் செலவழித்தார். 2006-இல் இறந்தார். ஊரின் தேவையை இசைக்கு வெளியிலும் பார்த்த மனிதர் அவர்.

திரும்பிய பிறகு சில மாதம் வாசிக்கவே பிடிக்காமல் போகலாம். அதைக் கண்டு கலங்காதீர்கள். செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் 1892-இலிருந்து நியூயார்க்கில் வேலை பார்த்துவிட்டு 1895 ஏப்ரலில் தன் சொந்த மண்ணான பொஹிமியாவுக்குத் திரும்பினார். ஊர் ஏக்கம் தாங்காமல் வந்தவர். வந்ததும், நியூயார்க்கிலேயே முடித்திருந்த செல்லோ கான்செர்ட்டோவின் முடிவுப் பகுதியைத் தன் மைத்துனியின் மரணத்துக்குப் பிறகு மாற்றி எழுதினார். பிறகு இலையுதிர் காலம் வரை புதிதாக எதையும் தொடங்கவில்லை. புறாக்களோடும் தோட்டத்தோடும் காலம் போனது. நவம்பரில் மறுபடி உட்கார்ந்து, வருடம் முடிவதற்குள் நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இரண்டு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்களை முடித்துவிட்டார். அவ்வளவு எழுதியவருக்கே அந்த இடைவெளி தேவைப்பட்டிருக்கிறது.

வகுப்பு எடுக்கலாமா என்றால், தாராளமாக எடுக்கலாம். ஆனால் நன்றாக வாசிப்பதும் சொல்லிக்கொடுப்பதும் வேறு வேறு தொழில். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து விரலைக் கீபோர்டில் வைக்கக் கற்றுக்கொடுக்க வேறு பொறுமை வேண்டும். உள்ளூரில் ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் இருந்தால், ஆரம்பப் பிள்ளைகளை அவரிடமே அனுப்புங்கள். ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களைச் சேர்ந்து வாசிக்க வைப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தாளம் தவறினால் நிறுத்தாமல் தொடர்வது, அடுத்தவர் தடுமாறினால் மூடிக்கொடுப்பது, மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதெல்லாம் மேடையில் கிடந்தவருக்குத்தான் தெரியும். வாரத்தில் ஒரு நாளை அதற்கென்று குறியுங்கள். அந்த நாளில் வெளியூர் நிகழ்ச்சி வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சுற்றுப்பயணப் பழக்கத்தில் நாம் 'இந்த வாரம் மட்டும் இல்லை' என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். மூன்று தடவை சொன்னால் அந்த வகுப்பு செத்துவிடும்.

உங்களோடு சுற்றிய ஒலி, ஒளி ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அநேகமாக எந்த ஊரிலும் பேச்சே புரியாமல் எதிரொலிக்கும் ஒரு பள்ளி அரங்கமாவது இருக்கும். அங்கே எல்லோரும் பெரிய ஸ்பீக்கர் வேண்டும் என்பார்கள். 1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் இப்படி ஒரு கூடத்தைச் சரிசெய்யும் வேலை வந்தது. சொன்ன வார்த்தை ஐந்தரை நொடி அடங்காமல் நின்றது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து அடுக்கி, மெத்தை கூடக் கூட எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறைக்கே அடிப்படை அங்கேதான் விழுந்தது. இன்று வகுப்பறையில் சத்தம் அடங்க அமெரிக்கத் தரம் சொல்லும் அளவு 0.6 நொடி. கனமான திரைச்சீலையும் கூரையில் உறிஞ்சும் பலகையும் போட்டு, இருக்கிற ஸ்பீக்கரைக் கூட்டத்தின் பக்கம் சாய்த்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பெரிய ஸ்பீக்கர் அதை மோசமாக்கத்தான் செய்யும். இது தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பது அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெளியே இருந்தபோது தங்குமிடம், சாப்பாடு, பயணம் எல்லாம் குழுவின் கணக்கு, கையில் பேட்டா வேறு. அதனால் உண்மையான மாதச் செலவு எவ்வளவு என்று நமக்கே தெரியாது. முதல் மூன்று மாதம் ஒவ்வொரு செலவையும் எழுதி வையுங்கள், அதற்குப் பிறகு வருமானத் திட்டம் போடுங்கள். நீங்கள் வாசித்த பதிவுகளின் பட்டியலைத் தயார் செய்யுங்கள். பாட்டு, வருடம், வெளியிட்டவர், முடிந்தால் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாகத் தரப்படும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி குறியீடு எல்லாம் இருக்கட்டும். வாசித்த கலைஞருக்கும் பதிவில் உரிமை உண்டு என்பதை 1961-இன் ரோம் ஒப்பந்தமே ஏற்றிருக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உரிமத் தொகை வசூலிக்கும் சங்கத்தில் பழைய முகவரியும் மூடிய வங்கிக் கணக்கும் கிடந்தால் வர வேண்டியதும் வராது.

மனச்சோர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுற்றுப்பயணம் முடிந்த பிறகு ஒரு வெறுமை வருவது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ராத்திரிக்கு ராத்திரி கைதட்டலும் பரபரப்பும் கிடைத்துவிட்டு ஒரே நாளில் எல்லாம் நின்றால் வராமல் என்ன செய்யும்? சில வாரத்தில் அது தணிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, குடி கூடிக்கொண்டு போனால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜெர்வேஸ் எல்வ்ஸ் என்ற ஆங்கிலேயப் பாடகர் 1921-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது பாஸ்டன் ரயில் நிலையத்தில் விபத்தில் இறந்தார். அவர் நினைவாக நண்பர்கள் தொடங்கிய நிதிதான் இன்று பிரிட்டனில் இசைக்கலைஞர்களுக்கு மனநல உதவி வரை செய்யும் 'ஹெல்ப் மியூசிஷியன்ஸ்'. அமெரிக்காவில் 1989-இலிருந்து 'மியூசிகேர்ஸ்' இருக்கிறது. அப்படி எதுவும் இல்லாத இடத்தில், கூடச் சுற்றிய நாலு பேரோடு வாரம் ஒரு தடவை போனில் பேசும் ஏற்பாடாவது வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு உங்கள் மேல் அன்பு இருந்தாலும், நீங்கள் எதை இழந்தீர்கள் என்று விளக்காமலே புரிந்துகொள்ள அவர்களால் முடியாது. அந்த நாலு பேரால் முடியும்.

கடைசியாக, மறுபடி அழைப்பு வரும். மூன்று மாதத்துக்குள் நிச்சயம் வரும், அதுவும் நீங்கள் மிகவும் சலித்திருக்கும் ஒரு நாளில் வரும். கனடாவின் பியானோ கலைஞர் க்ளென் கோல்ட் மாதிரி 1964-இல் ஒரே முடிவாக மேடையை விட்டு, 1982-இல் இறக்கும் வரை ஒலிப்பதிவு, வானொலி என்றே இருந்தவர்கள் அபூர்வம். நம்மில் பலர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவோம், அது தப்பில்லை. அழைப்பு வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு வரம்பு வையுங்கள். முதல் ஆறு மாதம் எதுவும் இல்லை, அதன் பிறகு வருடத்துக்கு இத்தனை ராத்திரிகள் வரை, வகுப்பு நாளைத் தொடாமல் என்று. எழுதியே வையுங்கள். போன் வந்தால் அங்கேயே சரி சொல்லாமல், நாளைக்குச் சொல்கிறேன் என்று வையுங்கள். மறுக்கும்போது உங்களுக்குப் பதிலாக வாசிக்கக்கூடிய ஒருவர் பெயரையும் கொடுங்கள். கிளம்புவதற்கு முன்பே, பாட்டுக்குப் பாட்டு நீங்கள் பயன்படுத்திய சவுண்டுகளை, எந்த இடத்தில் எதற்கு மாறுவது என்ற குறிப்போடு பேக்கப் எடுத்து ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் சில நிகழ்ச்சிகளுக்கு அவர் சந்தேகம் கேட்டு அழைப்பார். பகலில் அழைக்கச் சொல்லுங்கள், பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.